காங்கயத்துக் கல்லும் கொடுமணல் மணியும்

காங்கயம்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு மொதல்ல மாடு ஞாபகம் வரும், அப்பறம் தேங்காயெண்ணெய், அரிசி மில்லு, அவ்வளவுதான். வெள்ளகோயில், முத்தூர்னு சொன்னா அதுவும் கெடையாது, கரூர் பஸ்ஸுல ஏறினவங்க ஜன்னல்ல தலைய சாச்சுத் தூங்கிட்டே தாண்டிப் போற ஊருங்க. வெயிலு ஜாஸ்தி, மழை கம்மி, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்குள்ள வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல்லு, நாலு செம்மறியாடு, இதத்தான் நாங்க கொறங்காடுன்னு சொல்றோம். லீவு விட்டா ஊட்டி, வால்பாறை, டாப்சிலிப்புன்னு கெளம்பிருவாங்க எல்லாரும். "இங்க என்ன இருக்குது பாக்கறதுக்கு, கல்லும் மண்ணும்தான்"னு எங்கம்மாவே சொல்லும். செரி, அந்தக் கல்லப் பத்தியே எழுதிரலாம்னுதான் இந்தப் பதிவு, நீளமாப் போகும், காப்பி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

எங்க அப்புச்சி தோட்டம் காங்கயத்துக்கும் முத்தூருக்கும் நடுவுல. உழவு ஓட்டின காட்டுல ராத்திரி நல்ல மழை பேஞ்சிருந்துச்சுன்னா காத்தால மண்ணு கழுவிட்டுப் போயி கல்லுங்க மேல நிக்கும். பெரும்பாலும் சாதா வெங்கச்சாங்கல்லு, அதாவது குவார்ட்ஸ். நடுநடுவுல சாம்பக் கலர்ல ஒண்ணு, பீச் கலர்ல ஒண்ணு, லேசா உள்ள வெளிச்சம் போறாப்பல வெள்ளையில ஒண்ணு கெடக்கும். எங்கம்மாவும் சித்தியும் சின்னதுல அதப் பொறுக்கிட்டு வந்துதான் அஞ்சாங்கல் ஆடியிருக்காங்க. அப்பெல்லாம் சைக்கிள்ல கல்லு வாங்கற ஆளு ஊரு ஊரா வருவாராம், அம்மிச்சி முறத்துல கொட்டிக் காட்டுமாம், அவரு நாலு கல்லத் தனியா எடுத்து வெச்சுட்டு மிச்சத்தத் தள்ளிருவாராம். எதுக்கு அந்த நாலு மட்டும்னு யாருக்கும் தெரியாது, கேட்டா அவரு சொல்லவும் மாட்டாராம், தொழில் ரகசியம்!

அந்த நாலுலதான் விசயமே இருக்குது. சந்திரகாந்தக்கல்லு, கடையில மூன்ஸ்டோன்னு சொல்லுவாங்க. காங்கயம் மூன்ஸ்டோன்னு கல்லு வியாபாரத்துல தனிப் பேரே உண்டு.

இங்க ஏன் கெடைக்குதுன்னு கொஞ்சம் படிச்சுப் பாத்தேன், எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நம்ம கொங்குநாட்டுக்கு அடியில இருக்கற பாறையெல்லாம் ரொம்ப ரொம்பப் பழசு, கோடிக்கணக்கான வருசக் கணக்கு. பூமிக்குள்ள ஆழத்துல உருகிக் கெடந்த பாறைக்குழம்பு ஆறிக் கெட்டியாகறப்ப கடைசியா கொஞ்சம் மிச்சம் நிக்கும், அதுல தண்ணிச்சத்து அதிகம், வேற பாறையில சேராம ஒதுங்கின அபூர்வமான தாதுங்களும் அதுலதான் இருக்கும். அது பாறை வெடிப்புக்குள்ள பூந்து ஆறும், அந்தத் தண்ணிச்சத்துனால படிகங்க பெருசு பெருசா வளரும். பெக்மடைட்னு பேரு. வெங்கச்சாங்கல்லு, ஃபெல்ட்ஸ்பார், மைக்கா, அதிர்ஷ்டம் இருந்தா பெரில்ங்கற ரத்தினக்கல்லு எல்லாமே அதுல வரும். அப்பறம் சிவன்மலை. நீங்க படியேறி முருகனக் கும்புட்டுட்டு எறங்கி வந்திருப்பீங்க, பக்தர் கனவுல ஆண்டவன் சொன்ன பொருள வெக்கற உத்தரவுப் பெட்டியில இப்ப என்ன வெச்சிருக்காங்கன்னும் பாத்திருப்பீங்க (எங்க ஊர்ல பேப்பர் படிக்கறவங்க மொதல்ல பாக்கற நியூஸ் அதுதான்), ஆனா நீங்க மிதிச்சுட்டு ஏறின பாறையப் பத்தி 1901-லயே தாமஸ் ஹாலண்ட்ங்கற வெள்ளைக்காரர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காகத் தனி ஆராய்ச்சியே எழுதியிருக்காரு. அது சிலிக்கா பத்தாக்குறையா இருக்கற ஒரு தினுசான பாறை. சிலிக்கா பத்தாததனால சேர ஆளில்லாம நின்ன அலுமினியம் தனியாப் பிரிஞ்சு ஆக்ஸிஜனோட சேந்து குருந்தக்கல்லா நிக்குது. அந்தக் குருந்தக்கல்லுல துளி இரும்பும் டைட்டானியமும் சேந்தா நீலக்கல்லு, துளி குரோமியம் சேந்தா மாணிக்கம். ரத்தினமா ஆகாத சாதாக் குருந்தக்கல்லு சாணை பிடிக்கறதுக்கு ஆகும், அதுவும் நல்ல வேலைதான்.

மூன்ஸ்டோனுக்கு வர்றேன். அது ஃபெல்ட்ஸ்பார்ல ஒரு வகை. சூடா இருக்கறப்ப ரெண்டு விதமான ஃபெல்ட்ஸ்பார், ஒண்ணு பொட்டாசியம் இருக்கறது, இன்னொண்ணு சோடியம் இருக்கறது, ஒரே படிகமாக் கலந்து கெடக்குது. மெதுவா ஆற ஆற ரெண்டுக்கும் ஒத்து வர்றதில்ல, பிரிஞ்சு படுக்கை படுக்கையா அடுக்கிக்குது, இது ஒரு அடுக்கு, அது ஒரு அடுக்கு, கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிசு. வெளிச்சம் உள்ள போயி அந்த அடுக்குங்கள்ல பட்டுச் செதறுது. அடுக்கு ரொம்ப மெல்லிசா இருந்தா நீலமாத் தெரியும், கொஞ்சம் தடிப்பா இருந்தா வெள்ளையாத் தெரியும். வெளிச்சம் கல்லு மேல இல்ல, உள்ளாற எங்கியோ மெதக்கறாப்பல இருக்கும், கல்லத் திருப்புனா அதுவும் நகரும். மயில்கழுத்துக் கலர் பட்டுச்சேலைய வெளிச்சத்துல திருப்பிப் பாக்கறப்ப ஊடும் பாவும் மாறி மாறித் தெரியுமில்லீங்களா, அந்த மாதிரிதான், ஆனா இங்க நெசவு போட்டது சூடும் காலமும்.

இத நான் நேர்ல பாத்தது ஒரு கல்லு பட்டை போடற அண்ணன் பட்டறையில. பட்டறைன்னா பெருசா ஒண்ணும் இல்லீங்க, வீட்டுத் திண்ணைய அடைச்சு ஒரு ரூமு, ஒரு மோட்டாரு, சக்கரம், மேல இருந்து தண்ணி சொட்டறதுக்கு ஒரு டப்பா, ஓரமா அரக்கு உருக்கற அடுப்பு, குச்சி கட்டு கட்டா. அம்மா கிட்ட இருந்து பழைய அஞ்சாங்கல் ரெண்டு எடுத்துட்டுப் போயிருந்தேன், வீட்டுல அலமாரி மூலையில பல வருசமாக் கெடந்தது, தேருமான்னு பாத்துரலாம்னு.

அவரு கையில வாங்கினதும் சக்கரத்துக்கிட்டப் போகலீங்க. டம்ளர் தண்ணியில முக்கி எடுத்தாரு, வாசப்படிக்கு வந்து பொழுதுக்கு நேராப் புடிச்சாரு, திருப்புனாரு, மறுக்கா முக்கினாரு, மறுக்கா திருப்புனாரு. இப்படியே வெகு நேரம். நான் பொறுமையில்லாம, "என்னங்ண்ணா பாக்கறீங்க?"ன்னு கேட்டேன்.

"லைட்டு எக்கட்டால ஓடுதுன்னு பாக்கறனுங்க அம்மிணி."

"எனக்கு ஒண்ணுமே தெரியலீங்களே."

"காஞ்சிருக்கறப்பத் தெரியாது. நனைச்சுப் பாருங்க. இந்தா, இப்ப. இக்கட்டால திருப்புனாப் போயிருச்சு பாருங்க. அக்கட்டால வந்துருச்சு."

வந்துதுங்க. ஒரு நொடி, சொரசொரன்னு அழுக்குப் பிடிச்சிருந்த அந்தக் கல்லுக்குள்ள ஒரு வெளுப்பு ஓடி மறைஞ்சுது. எங்கம்மா அஞ்சு வயசுல இருந்து கையில தூக்கிப் போட்டுப் புடிச்ச கல்லு!

அவரு சொன்ன கணக்கு என்னன்னா, உள்ள இருக்கற அடுக்கு எப்படிப் படுத்திருக்குதோ அதுக்குச் சமமா அடிப்பக்கத்தத் தட்டையா வெக்கோணும், மேல குவிச்சு மொட்டாட்டத் தேய்க்கோணும். அப்பத்தான் வெளிச்சம் நட்டநடுவுல வந்து நிக்கும். அடி கொஞ்சம் சாஞ்சாலும் வெளிச்சம் ஓரத்துக்குப் போயிரும், ரொம்பச் சாஞ்சா இல்லவே இல்ல, வெறும் வெள்ளக்கல்லு, ரோட்டுல போடலாம். அதே கல்லு, அதே எடை, அதே சக்கரம். அப்பறம் இன்னொரு தொந்தரவும் இருக்குது, இந்தக் கல்லு ரெண்டு தெசையில சுலபமாப் பொளந்துக்கும், சக்கரத்துல சூடேறினாப் போச்சு, டப்புன்னு வெடிச்சுரும், அதுக்குத்தான் சொட்டுத் தண்ணி. கெட்டித்தனமும் கம்மிதான், 1-ல இருந்து 10 வரைக்கும் போற மோஸ் அளவுல 6-ல இருந்து 6.5, வெங்கச்சாங்கல்லே 7. அதனால அவசரப்பட்டு அழுத்தவும் முடியாது, நிதானமாத் தேய்க்கோணும், அரக்கு வெச்சுக் குச்சியில ஒட்டி விரல்ல உருட்டி உருட்டி. கண்ணு கல்லு மேல இருந்தாலும் காது சக்கரத்து மேல இருக்குது அவருக்கு, சத்தம் மாறினாக் கைய எடுத்துடறாரு.

ரெண்டுல ஒண்ணு பாதியில பொளந்துருச்சு. இன்னொண்ணு வந்துச்சு. வந்ததப் பத்தி எப்படி எழுதறதுன்னு தெரியல எனக்கு, போட்டோ எடுத்தேன், போட்டோவுல அந்த வெளிச்சம் விழவே மாட்டேங்குது, விழுந்தாலும் ட்யூப்லைட் பட்ட எடமாட்டம் இருக்குது. நேர்ல பாத்தாத்தான் உண்டு. வீட்டுக்குக் கொண்டாந்து அம்மா கையில குடுத்தேன், திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுக்கு எவ்வளவு ஆச்சு?"ன்னு கேட்டுது, அப்பறம் சமையக்கட்டுக்குப் போயும் கையில இருந்து கீழ வெக்கல.

எனக்கும் அந்த அண்ணனுக்கும் அன்னைக்கு ஒரு வாக்குவாதம். நான், "கல்லு ஒண்ணுமில்லீங்ண்ணா, எல்லாம் உங்க கைதான்"னு சொன்னேன். அவரு ஒத்துக்கவே இல்ல. "நான் என்னத்தப் புதுசா வெச்சேன்? உள்ள இருந்தது வெளிய தெரியுது. இல்லாத கல்லுல நான் தலைகீழா நின்னாலும் வராது"ங்கறாரு. நாயமான பேச்சுதான். ஆனா பல வருசமா அது உள்ள இருந்துட்டே இருந்துச்சே, எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியலையே? இருக்குதுங்கறதுக்கும் தெரியுதுங்கறதுக்கும் நடுவுல ஒரு ஆளு தேவைப்படுதில்ல. நான் விடல, அவரும் விடல.

இந்தச் சண்டை புதுசில்லீங்க, சுமார் 2,000 வருசப் பழசு. அதுவும் எங்க ஊருக் கல்ல வெச்சே நடந்திருக்குதுன்னு நெனைக்கறேன்.

திருப்பூர் ரோட்டுல காங்கயத்துக்குக் கொஞ்சம் மேற்கால படியூர்னு ஒரு ஊரு. தெனமும் ஆயிரக்கணக்குல கம்பெனி பஸ்ஸும் லாரியும் போற ரோடு, நானும் வேலைக்கு அதுல போறவதான். அந்தப் படியூர்ல பெரில் கெடைச்சிருக்குது. கடல்தண்ணிக் கலர்ல இருந்தா அதுக்கு அக்வாமரின்னு பேரு, அந்தக் கலருக்குக் காரணம் இரும்பு. 19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல வெள்ளைக்காரங்க அங்க தோண்டியும் எடுத்திருக்காங்க. அதுக்கு வெகு காலம் முன்னாடியே ரோமாபுரி வரைக்கும் பெரில் போயிருக்குது. கி.பி. 79-ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்பச் செத்துப்போனாரே ரோமானிய எழுத்தாளர் பிளினி, அவரு எழுதின இயற்கை வரலாறுல 37-ஆவது புத்தகம் முழுக்க ரத்தினக்கல்லுங்க சமாச்சாரந்தான். அதுல பெரிலப் பத்திச் சொல்றப்ப, இது இந்தியாவுல வெளையுது, வேற எடத்துல அபூர்வம்ங்கறாரு. கைதேர்ந்த ஆளுங்க இத ஆறு பட்டையா வெட்டறாங்க, பட்டை போட்டாத்தான் மங்கலான கலரு தூக்கிக் குடுக்கும்னும் சொல்றாரு. சொல்லிட்டு, இல்லல்ல, அது இயற்கையாவே அந்த வடிவத்துலதான் இருக்குதுன்னு சில பேரு நெனைக்கறாங்கன்னும் ஒரு வரி சேத்துக்கறாரு.

அந்தச் சில பேரு சொன்னதுதான் சரி! பெரில் வளர்றதே ஆறு பட்டையாத்தான். அதுக்குள்ள சிலிக்கானும் ஆக்ஸிஜனும் ஆறு ஆறாக் கைகோத்து வளையமா அடுக்கியிருக்குது, அதனால படிகமும் வெளிய ஆறுமொகமா, நீளமா, ஸ்கேலு வெச்சுக் கோடு போட்டாப்பல வளரும். கொங்குநாட்டு மண்ணுல இருந்து எடுத்ததப் பாத்து, யாரோ பெரிய ஆசாரி செதுக்கினதுன்னு ரோமாபுரியில நெனைச்சிருக்காங்க. இங்க பூமி செஞ்ச வேலைக்கு மனுசனுக்குப் பேரு. மூன்ஸ்டோன்ல பாத்தா நேர் தலைகீழு, மோதிரத்துல போட்டுட்டுத் திரியறவங்க எல்லாம் "என்னமா இயற்கையோட அதிசயம்"னு சொல்லுவாங்க, அடிய எக்கட்டால தட்டையா வெக்கோணும்னு வாசப்படியில நின்னு யோசிச்ச ஆளு யாரு ஞாபகத்துலயும் இல்ல.

பிளினி இன்னொண்ணும் சொல்றாரு, எனக்கு ரொம்பப் புடிச்சது. இந்தியாவுல இருக்கறவங்களுக்கு நீளநீளமான பெரில்னா உசுராம், இந்தக் கல்லுக்கு மட்டும் தங்கம் தேவையில்லைன்னு சொல்லி, துளை போட்டு யானை முடியில கோத்துப் போட்டுக்குவாங்களாம். தங்கம் வேண்டாம்னு சொன்ன ஒரு காலம் நம்ம நாட்டுல இருந்திருக்குது பாருங்க! இப்ப ஒரு கல்யாணத்துக்குப் போயி இதச் சொல்லிப் பாருங்க.

அந்தத் துளை போட்ட எடத்தப் பாக்கறதுக்குத்தான் கொடுமணலுக்குப் போனேன். சென்னிமலைக்கு மேற்கால, நொய்யல் வடகரையில, ஈரோடு மாவட்டம். பஸ்ஸு வசதி சுமாரு, வண்டி இருந்தாச் செளகரியம். போற வழியில ஒரத்துப்பாளையம் டேம் பக்கந்தான், விவசாயத்துக்குன்னு கட்டி சாயத்தண்ணி தேங்கி நின்ன டேமு, அந்தக் கதைய எழுத ஆரம்பிச்சா இந்தப் பதிவு வேற பக்கம் போயிரும், நானும் திருப்பூர்ல சம்பளம் வாங்கறவ, அதனால இதோட நிறுத்திக்கறேன்.

கொடுமணலுக்குப் போனா உங்களுக்குப் பெருசா ஒண்ணும் தெரியாதுங்க, இத மொதல்லயே சொல்லிடறேன், அப்பறம் என்னத் திட்டக் கூடாது. மேட்டாங்காடு, கல்லுவட்டங்க, நெட்டுக்குத்தலா நிக்கற பெரிய கல்லு, வெள்ளாமை, ஆடு. அவ்வளவுதான். ஆனா 1985-ல இருந்து தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகமும், அப்பறம் பேராசிரியர் கா. இராஜன் தலைமையில புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், இன்னும் மத்தவங்களும் தோண்டித் தோண்டி எடுத்திருக்கறதப் படிச்சீங்கன்னா அந்த மேட்டாங்காட்டுல கால வெக்கறதுக்கே யோசனையா இருக்கும். இரும்பு உருக்கின உலை, தமிழ் பிராமியில பேரு கீறின பானை ஓடு நூத்துக்கணக்குல, அப்பறம் கல்லுமணி. நீலக்கல்லு, பெரில், படிகம், செவ்வந்திக்கல்லு, அகேட், சூதுபவளம்ங்கற செவப்புக் கல்லு (கார்னீலியன்), ஆப்கானிஸ்தான் பக்கத்துல இருந்து வரோணும்ங்கற லேபிஸ் லசூலிங்கற நீலநெறக் கல்லு வரைக்கும். ஒரே ஒரு ஈமக்குழியில மட்டும் சூதுபவள மணி 2,000-க்கும் மேல. சூதுபவளம் நம்ம பக்கம் கெடைக்கறதில்ல, குஜராத் பக்கமிருந்து வந்திருக்கோணும்னு சொல்றாங்க. அதுக்கு எதுத்தாப்பல, படிகமும் பெரிலும் நீலக்கல்லும் நம்ம சுத்துவட்டாரத்துச் சரக்கு, படியூரும் சிவன்மலையும் இங்கிருந்து கூப்புடு தூரம்.

மணி கெடைச்சது பெருசில்ல, எங்க வேணாலும் வாங்கியாந்திருக்கலாம். முழு மணி, பாதி வேலை முடிஞ்ச மணி, துளை போடாத மணி, வெறும் கல்லுக்கட்டி, செதுக்கித் தள்ளின சில்லு, எல்லாம் ஒரே எடத்துல கெடந்திருக்குது, அதுதான் பெருசு. பட்டறையே இங்கதான் இருந்திருக்குதுன்னு அர்த்தம். திண்ணைய அடைச்ச ரூமுல அண்ணனோட காலடியில கெடந்த அதே குப்பை.

கபிலரும் அரிசில்கிழாரும் பதிற்றுப்பத்துல கொடுமணம்னு இந்த ஊரச் சொல்லி, இங்க செஞ்ச நகைகளப் பாடியிருக்காங்க. சேரனுங்க ஊரு கரூருக்கும் மேலைக்கடல்ல இருக்கற முசிறிக்கும் நடுவுல, பாலக்காட்டுக் கணவாய் வழியாப் போற பாதையில இந்த ஊரு. ரோமானியக் காசு கத்தாங்கண்ணியிலயும் வெள்ளலூர்லயும் புதையலாக் கெடைச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு சொல்றதுக்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்ல.

அங்க கெடைச்சதுல எனக்கு மறக்கவே முடியாதது ஒரு புலி. வெண்கலத்துல செஞ்ச சின்னப் புலி, ஒடம்பெல்லாம் சூதுபவளமும் நீலக்கல்லும் பதிச்சது. ஈமக்குழியில செத்தவங்களோட வெச்சுப் பொதச்சிருக்காங்க. நெனைச்சுப் பாருங்க, உலோகத்த வார்க்க ஒரு கை, நீலக்கல்லத் தேய்க்க ஒரு கை. நீலக்கல்லோட கெட்டித்தனம் 9, அதுக்கு மேல வைரம் மட்டுந்தான். அதத் தேய்க்கறதுக்கு அதே குருந்தக்கல்லுப் பொடியோ வைரமோ இருந்தாத்தான் முடியும், மோட்டார் கெடையாது, கண்ணாடி கெடையாது, பொழுது வெளிச்சம் மட்டும். இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சத மண்ணுக்குள்ள போட்டு மூடியிருக்காங்களேன்னு எனக்கு முதல்ல ஆத்தாமையா இருந்துச்சு. அப்படி மூடினதனாலதான் நம்ம கைக்கு வந்துச்சுன்னும் ஒரு பக்கம் தோணுது. செஞ்சவன் பேரு ஓட்டுல இருக்கற பேருங்கள்ல ஏதாவது ஒண்ணாக்கூட இருக்கலாம், யாரு கண்டா.

சூதுபவளத்துலயும் ஒரு வித்தை இருக்குது. தோண்டி எடுக்கறப்ப அது அவ்வளவு செவப்பா இருக்காது, மங்கலாத்தான் இருக்கும், பக்குவமாச் சுட்டாத்தான் செவப்பேறும், உள்ள இருக்கற இரும்பு சூட்டுல மாறுது. அந்தச் செவப்பு மேல வெள்ளைக்கோடு போட்ட மணியும் கொடுமணல்ல கெடைச்சிருக்குது. கோடு பெயிண்டு இல்லீங்க. சோடா உப்புக் கரைசல வெச்சுக் கோலம் போட்டு மறுபடியும் சுடுவாங்க, கோலம் போட்ட எடம் மட்டும் வெளுத்து நின்னுரும், தேய்ச்சாலும் போகாது. அடுப்புப் பக்கத்துலயே நாளெல்லாம் இருக்கற யாரோ ஒருத்தங்க மொதல் தடவை கண்டுபுடிச்சிருக்கோணும், அது பொம்பளையா இருந்திருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்ல.

கொடுமணல்ல ஒண்ணு கேட்டுக்கறேன், தயவு செஞ்சு அங்க போயி எதையும் பொறுக்கிட்டு வராதீங்க, நோண்டாதீங்க. ஒரு ஓட்டுச் சில்லு எந்த எடத்துல கெடந்துச்சுங்கறதுதான் அதோட பாதிக் கதை, வீட்டு ஷோகேஸ்ல வெச்சா அது வெறும் ஓடு. மூன்ஸ்டோன் ஆசை இருந்தா காங்கயம் பக்கம் பட்டறைக்காரங்க கிட்டக் காசு குடுத்து வாங்குங்க. வாங்கறப்ப ஒரே ஒரு லைட்டுக்கு அடியில வெச்சுத் திருப்பிப் பாருங்க, கடையில நாலாப்பக்கமும் லைட்டுப் போட்டிருந்தா எல்லாக் கல்லும் மின்னும், ஏமாந்துருவீங்க. வெளிச்சம் நடுவுல வருதா, ஓரத்துல தேங்குதா, அதப் பாத்தாப் போதும். எங்க அம்மிச்சி முறத்துல அந்த ஆளு தேடினதும் இதத்தான்.

கொடுமணல் பாத்துட்டு வந்து அண்ணன் பட்டறைக்கு மறுபடியும் போனேன், போன்ல மணிங்க படத்தக் காட்டறதுக்கு. புலியப் பாத்தா மனுசன் அசந்துருவாருன்னு நெனைச்சேன், "ம், நல்லாருக்குது"ன்னுட்டு நவுத்திட்டாரு. அடுத்து, துளை போடறப்பப் பாதியில ஒடஞ்ச ஒரு படிக மணி படம் வந்துச்சு, அங்க நின்னுட்டாரு. விரல்ல பெருசாக்கிப் பாத்தாரு, அவரு சம்சாரத்தக் கூப்புட்டுக் காட்டினாரு.

"ரெண்டு பக்கமும் இருந்து போட்டிருக்கான் பாருங்க. ஒரே பக்கமாப் போட்டாக் கடைசியில வெளிய வர்றப்பச் சில்லு தெறிச்சுரும். அதுக்குத்தான் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. நடுவுல சந்திக்கோணும். இவனுக்குத் துளி தப்பிருச்சு."

"தப்பினதுக்கு என்ன பண்ணியிருப்பாருங்க அந்த ஆளு?"

"என்ன பண்ணுவான், அவனவனே வெஞ்சுட்டு வேற கல்ல எடுத்திருப்பான். நான் அதத்தான பண்றேன்."

அதே மாதிரி ஒண்ணு உங்களால போட முடியுமான்னு கேட்டேன். மெசினுல போட்டா ஒடனே முடிஞ்சுரும்ங்க, கையில போடறதுன்னா அதுக்குத் தோதா வில்லு, துரப்பணம் எல்லாம் புதுசாச் செய்யோணும், ஒரு மணிக்கு எத்தன நாளு ஆகும்னு தெரியாது, அத யாரு வாங்குவாங்கன்னாரு. நான் வாங்கிக்கறேன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, எந்தக் கல்லுலன்னு கேட்டாரு. படியூர்ப் பெரில்ல, நீளமா, யானை முடியில கோத்துப் போட்டுக்கற மாதிரின்னேன்.

"பெரிலு கெடைச்சா நான் வித்துட்டு வண்டி வாங்கிருவேன் அம்மிணி. யானை முடிக்கெல்லாம் பாரஸ்ட்காரன் வந்து புடிச்சுட்டுப் போயிருவான். வெங்கச்சாங்கல்லுல போட்டுத் தர்றேன், நூல்ல கோத்துக்குங்க."

அட்வான்ஸ் குடுத்தேன், வாங்கல. ஒடையாம வந்தாப் பாத்துக்கலாம்னுட்டாரு. வந்துச்சுன்னா போட்டோ போடறேன், ஒடஞ்சாலும் போடறேன், துளை எங்க தப்புச்சுன்னு எல்லாரும் பாத்துக்கலாம்.